வெந்நீர்த் தொட்டியின் மூடி: ஒரு சிறு வரலாறு

சென்ற ஆண்டு மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து, பிரான்சு அனுபவத்தை எழுதுங்கள் என்று அன்பர்கள் சிலர் கேட்டபடி இருக்கிறார்கள். ஈபிள் கோபுரத்தையும் லூவ்ர் அருங்காட்சியகத்தையும் பற்றி எழுதப் புதுச்சேரியில் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் வேறொன்றை எழுதுகிறேன். ஒரு மூடியைப் பற்றி. சிரிக்க வேண்டாம். அந்த மூடிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் என்னுடைய தவறும் கொஞ்சம் சேர்ந்துவிட்டது.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். என் மாப்பிள்ளையின் தாத்தா ஒரு சொல்தா. 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் 6 மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்றிருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவர் எழுதித் தந்தார். என் தகப்பனார் தரவில்லை. அதன் பலன், மாப்பிள்ளை அந்த நாட்டுக் குடிமகன். பிரெஞ்சிலேயே படித்து பிரெவே பாஸ் செய்த நான் 90 நாள் விசாக்காரன். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் 90 நாள் என்பது இந்தக் கதைக்கு முக்கியம்.

பாரிசிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் மகளின் வீடு. அதை வாங்கும்போதே பின்தோட்டத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி இருந்தது. அங்கே அதை ஸ்பா என்பார்கள், ஜக்கூசி என்றும் சொல்வார்கள். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சதுரம், சுமார் 1000 லிட்டர் தண்ணீர், எப்போதும் 38 டிகிரி. முதலில் பார்த்தபோது, பணம் மிஞ்சியவர்களின் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். என் மனைவிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு நாள் அந்தத் தண்ணீரில் இருபது நிமிடம் உட்கார்ந்து எழுந்தாள். அன்று பேத்திக்குத் தலை பின்னிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியை நான் கேலி செய்ததில்லை.

தொட்டிக்கு மேலே நடுவில் மடியும் ஒரு கனத்த மூடி. மூடியைத் தூக்கித் தொட்டியின் பின்புறம் சாய்த்து நிறுத்த இரண்டு இரும்புக் கைகள். முன்பாதியைப் பின்பாதிமேல் மடித்துப்போட்டு ஒரு தள்ளு தள்ளினால் முழுவதும் பின்னால் போய் நின்றுகொள்ளும். ஆரம்பத்தில் என் மனைவியே அதைச் செய்துகொள்வாள்.

அதற்கு முந்தைய பயணத்திலேயே மூடி கொஞ்சம் கனத்திருந்தது. மகள் சொன்னாள், “அப்பா, இதுல தண்ணி ஏறிடுச்சு. புதுசு போடணும்.” விலையைக் கேட்டேன். நாங்கள் வருஷத்தில் மூன்று மாதம் வந்து உட்காருவதற்கு மாப்பிள்ளை ஏன் இவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்று தோன்றியது. “மழைத் தண்ணிதானே, இன்னும் ஒரு வருஷம் ஓடும்” என்றேன். கடைக்குப் போய் ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கி வந்து, மூடிமேல் போட்டு, நான்கு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு ஊருக்கு வந்தேன். சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே சற்றுப் பின்னால் போக வேண்டியிருக்கிறது. வெந்நீருக்கு மூடி எதற்கு என்று மனிதன் எப்போது யோசித்தான்?

நான் படித்த பள்ளியின் வரலாற்றுப் பாடநூலில் ஒரு படம் இருந்தது. ஓவியர் தவீத் வரைந்த மராவின் மரணம். புரட்சிக்காரரான மரா 1793 ஜூலை 13 அன்று குளியல் தொட்டியிலேயே குத்திக் கொல்லப்பட்டார். எங்கள் வகுப்பில் எல்லோரும் கத்தியைப் பார்த்தார்கள். பிற்காலத்தில் குமாஸ்தாவாகப் போகிற நான் பார்த்தது அவர் கையிலிருந்த காகிதத்தையும் தொட்டிமேல் போட்டிருந்த பலகையையும்தான். அவருக்குக் கொடிய சரும நோய். மருந்து கலந்த நீரில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தால்தான் எரிச்சல் அடங்கும். அதனால் தொட்டியையே ஆபீஸாக வைத்துக்கொண்டார். அது ‘சபோ’ வகைத் தொட்டி, அதாவது மரச்செருப்பு வடிவம். செருப்புக்குள் கால் நுழைவதுபோல உடம்பின் கீழ்ப்பாதி உள்ளே போய்விடும், மேற்பகுதி மட்டும் திறந்திருக்கும். விறகில் தண்ணீர் காய்ச்சிக் குடத்தில் சுமந்து ஊற்றிய காலம் அது. தண்ணீரும் குறைவாகப் பிடிக்கும், சூடும் சீக்கிரம் போகாது. தொட்டியின் வடிவமே பாதி மூடியாக இருந்தது.

ஜப்பானியர்கள் இதை இன்னும் தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள். அவர்கள் வீட்டுக் குளியல் தொட்டிக்கு ஃபுரோ என்று பெயர். உடம்பை வெளியே சுத்தமாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே இறங்குவார்கள். வீட்டில் ஒருவர் பின் ஒருவராக அனைவரும் அதே வெந்நீரில் உட்காருவார்கள். ஒருவர் எழுந்ததும் தொட்டிமேல் பலகைகளை வரிசையாக அடுக்கி மூடிவிடுவார்கள். கடைசியில் வருபவருக்கும் சூடு மிச்சமிருக்க வேண்டுமே. இந்த மூடி அவர்கள் பழக்கத்தின் ஓர் அங்கம். இன்றைக்குச் சுருட்டிவைக்கும் பிளாஸ்டிக் மூடியாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது நாம் பார்க்கிற தோட்டத்து வெந்நீர்த் தொட்டி கலிபோர்னியாவில் பிறந்தது. இதற்கு இரண்டு கிளைகள். 1960-களின் பிற்பகுதியில், சான்டா பார்பரா பக்கத்து இளைஞர்கள், திராட்சை மது வைத்திருந்த பழைய செம்மர பீப்பாய்களை வாங்கி, வெந்நீர் நிரப்பி, நண்பர்களோடு உட்கார ஆரம்பித்தார்கள். அது ஒரு கிளை. மற்றது ஜக்கூசி குடும்பத்தின் கதை. இத்தாலியின் வடகிழக்கிலிருந்து குடியேறிய ஏழு அண்ணன் தம்பிகள். முதலில் விமான விசிறிகள் செய்தார்கள், பிறகு விமானமே செய்தார்கள். 1921-ல் அவர்கள் விமானம் ஒன்று விழுந்து, சகோதரர்களில் ஒருவரும் இறந்துபோனார். அதோடு ஆகாயத்தை விட்டுவிட்டுத் தரைக்கு வந்து, விவசாயக் கிணறுகளுக்குப் பம்பு செய்தார்கள். 1940-களில் சகோதரர்களில் ஒருவரான கான்டிடோவின் மகன் கென்னத்துக்குக் குழந்தைப் பருவத்திலேயே முடக்குவாதம் வந்தது. மருத்துவமனையில் சுழலும் வெந்நீரில் உட்காரவைத்தால் பிள்ளையின் வலி குறைந்தது. வீட்டுத் தொட்டியிலேயே அதைச் செய்ய முடியாதா என்று, கையில் தெரிந்த பம்புத் தொழிலைக்கொண்டு ஒரு சிறு பம்பு செய்தார்கள். 1956-ல் அது விற்பனைக்கு வந்தது. 1968-ல் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ராய் ஜக்கூசி, பம்பையும் தொட்டியையும் ஒன்றாகவே இணைத்துவிட்டார்.

ஆடம்பரம் என்று நான் நினைத்த பொருள், முடக்குவாதம் வந்த ஒரு பிள்ளைக்காகத் தகப்பன் வீட்டார் செய்தது. இதைப் படித்த அன்று என் மனைவியிடம் சொன்னேன். “அந்தப் பையன் நல்லா இருந்தானா?” என்று மட்டும் கேட்டாள். நெடுங்காலம் வாழ்ந்தார் என்றேன்.

பீப்பாயைத் தோட்டத்தில் வைத்ததும் மூடியின் அவசியம் வந்துவிட்டது. வீட்டுக்குள் குளித்தால் குளித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடலாம். தோட்டத்துத் தொட்டியில் அதே தண்ணீர் இரவும் பகலும் சூடாகக் கிடக்கிறது. வெந்நீர் ஆறுவது பெரும்பாலும் ஆவியாவதால்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு பங்கு வெப்பம் என்று வைத்துக்கொண்டால், அதே ஒரு லிட்டர் ஆவியாகும்போது 570 பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டு போகும். 1000 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் ஆவியாய்ப் போனால் மீதித் தண்ணீர் முழுவதும் ஒரு டிகிரிக்கு மேல் ஆறிவிடும். ஐரோப்பியக் குளிரில் மூடியில்லாத தொட்டி மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

மரப்பலகை கனம். அதற்கு மாற்றாக வந்ததுதான் நாம் தெர்மோகோல் என்று சொல்லும் பொருள். கொலுவுக்கும் கல்யாண மேடைக்கும் கோபுரம் வெட்டுகிறோமே, அதேதான். 1950 வாக்கில் ஜெர்மனியில் பாஸ்ஃப் நிறுவனத்தில் உருவானது. சர்க்கரை போன்ற சிறு மணிகளுக்குள் ஒரு வாயுவை அடைத்து, நீராவி காட்டினால் பொரியரிசி போல உப்பும். அச்சில் போட்டு மறுபடி நீராவி காட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிடும். அந்தப் பலகையில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. அசையாத காற்று சூட்டைக் கடத்தாது.

மூடியைச் செய்யும் முறை இது. தெர்மோகோல் பலகை இரண்டு. மழைநீர் வழிந்தோட, நடுவில் தடிமன் அதிகம், ஓரத்தில் குறைவு. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி ஒட்டுவார்கள். அதன்மேல் ரெக்சின் போன்ற உறை. மடிப்பில் ஒரு உலோகப் பட்டை. இதில் எல்லோரும் உறையைத்தான் பார்ப்பார்கள். உயிர் இருப்பதோ உள்ளே இருக்கிற அந்த மெல்லிய தாளில்.

இங்கேதான் நான் தவறினேன். மூடிக்குள் தண்ணீர் மேலேயிருந்து மழையாக இறங்கியது என்று நினைத்தேன். பெரும்பாலும் கீழேயிருந்து ஆவியாக ஏறியிருக்கிறது. மூடிக்கு அடியில் எந்நேரமும் 38 டிகிரி ஆவி. தாளில் ஒரு ஊசித்துளை விழுந்தால் போதும், ஆவி உள்ளே நுழையும். மூடியின் மேல்பக்கம் குளிர்ந்திருக்கிறது அல்லவா, அங்கே போய்த் துளியாகிவிடும். மணிகளுக்கு இடையில் உள்ள இடுக்குகளில் தங்கும். பிறகு மணிகளுக்குள்ளேயும் போகும். வருகிற வழி எளிது, திரும்பிப் போகிற வழி இல்லை. கொஞ்சமாவது காய்ந்திருக்கக்கூடியதை நான் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி, ஓராண்டு முழுவதும் வேகவைத்திருக்கிறேன்.

ஈரம் ஏறிய மூடி இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, சூட்டைக் காக்காது. தண்ணீர் தெர்மோகோலைவிட ஏறக்குறைய 17 மடங்கு சூட்டைக் கடத்தும். அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுத் தோட்டமெல்லாம் பனி கிடக்க, எங்கள் மூடிமேல் மட்டும் உருகிவிட்டது என்று மகள் போட்டோ அனுப்பியிருந்தாள். அழகாயிருக்கிறது என்று பதில் போட்டேன். அது அழகில்லை, மின்சாரக் கட்டணம்.

இரண்டாவது, கனம். மூடி புதிதாக வந்தபோது இருந்த சீட்டில் 24 கிலோ என்று போட்டிருந்தது. சென்ற ஆண்டு மாப்பிள்ளை குளியலறைத் தராசைக் கொண்டுவந்து வைத்து, நாங்கள் இருவரும் பாதி பாதியாக நிறுத்துப் பார்த்தோம். ஒரு பாதி 31, இன்னொன்று 27. மொத்தம் 58 கிலோ. 34 லிட்டர் தண்ணீர் உள்ளே குடியிருந்தது. இரண்டு குடம்.

ஆனால் நிறுத்துப் பார்த்தது, நடக்கக்கூடாதது நடந்த பிறகு.

தூக்கும் கைகளின் சங்கதியையும் சொல்ல வேண்டும். சிறுவயதில் கழனியில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஏற்ற மரத்தில் ஆள் நடக்கிற கனமும் சாலின் கனமும் சரிக்குச் சரி இருந்தால்தான் தண்ணீர் ஏறும். அங்கே ஆளுக்குப் பதில் ஒரு இரும்புக் குழாய். காரின் பின்கதவைத் தாங்கி நிற்கிறதே, அதே தண்டுதான். உள்ளே அழுத்தி அடைத்த நைட்ரஜனும் கொஞ்சம் எண்ணெயும். அதன் பலம் தொழிற்சாலையில் தீர்மானித்த பலம். சால் இரண்டரை மடங்கு கனத்தாலும் ஏற்றத்தில் நடக்கிற ஆள் அதே ஆள்தான். எங்கள் தொட்டியில் இடதுபக்கக் கையைப் பிடித்திருந்த திருகுகள் மரச்சட்டத்தை விட்டுக் கழன்றுகொண்டே வந்திருக்கின்றன. கையும் சற்று வளைந்திருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

நாங்கள் போய் மூன்றாவது வாரத்திலிருந்து என் மனைவி தொட்டியில் இறங்குவதை நிறுத்திவிட்டாள். “இன்னைக்கு வேணாம்” என்பாள். “குளிரா இருக்கு” என்பாள். மே மாதம் முடிந்து வெயில் ஏறியபோதும் அதே பதில். வயசாகிறது, அலுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். விரல்கள் மறுபடி மடங்காமல் போனதைப் பார்த்தேன். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. 33 ஆண்டு கோப்புகளில் ஒரு தாளை இன்னொரு தாளோடு சேர்த்துப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான்.

ஒரு விடியற்காலை தோட்டத்தில் சத்தம் கேட்டு ஓடினேன். அவள் தொட்டியருகே நின்றிருந்தாள். மூடி கோணலாகக் கிடந்தது. அன்று வலி பொறுக்காமல் தானே திறக்கப் பார்த்திருக்கிறாள். பாதி தூக்கியதும் இடதுகை கழன்று மூடி திரும்ப விழுந்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டாள், ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் நுனியில் அகப்பட்டு நீலம் பாரித்திருந்தன. எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னார்.

“என்னை எழுப்பியிருக்கலாமே?”

“பதினாலு நாளா எழுப்பலாம்னுதான் நெனச்சேன். உங்களுக்கும் இடுப்பு வலி. மாப்பிள்ளைகிட்ட சொன்னா புதுசு வாங்கிடுவார். நீங்கதான் வேணாம்னீங்க.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 90 நாளில் 14 நாள்.

அன்று மத்தியானம் இன்னொன்றும் தெரிந்தது. கனத்த மூடியை யாரும் ஒழுங்காகத் திரும்ப மூடுவதில்லை. ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். வீட்டில் ஆறு வயதுப் பேத்தி. பிரான்சில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தில் தோண்டிக் கட்டிய நீச்சல் குளங்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தரைமேல் வைத்த இந்தத் தொட்டி அதில் வராது. அமெரிக்காவில் குளங்களோடு இத்தகைய தொட்டிகளின் மூடிகளுக்கும் சேர்த்து 1991-லேயே ஒரு பாதுகாப்புத் தரம் வகுத்தார்கள். பூட்டிவைக்கிற மூடியைப் பூட்ட முடியாத அளவுக்குக் கனக்கவிட்டால் எந்தத் தரம் வகுத்து என்ன பயன்?

நம் ஊர்க்காரர்களுக்கு நான் ஒன்றைச் சொல்ல வேண்டியதில்லை. 2014 நவம்பர் 29 அன்று கடற்கரையில் நம் மேரி கட்டடம் மழையில் இடிந்து விழுந்ததைப் போய்ப் பார்த்தவர்கள்தானே நாம். அது ஒரே நாள் மழையில் விழுந்ததாக நம்மில் யாரும் நினைக்கவில்லை.

அன்று மாலை ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். ஆபீஸில் உதவாத சாமான்களைக் கண்டம் பண்ணும்போது எழுதுவோமே, அந்த முறையில், ஆனால் பிரெஞ்சில், ப்ரொசே வெர்பால் என்று தலைப்பிட்டு எழுதினேன். பொருள்: மூடி ஒன்று. வாங்கியபோது எடை, இப்போதைய எடை, வேறுபாடு. தூக்கும் கை: இடதுபுறம் வளைந்தது, திருகு கழன்றது. பழுதுபார்க்க இயலுமா: இயலாது, உறையைப் பிரித்துப் பலகையை வெயிலில் வைத்தால் மேற்புறம் மட்டும் காயும், தாள் கிழிந்திருப்பதால் திரும்பவும் ஏறும். கெட்டதற்குக் காரணம் என்ற இடத்தில் சற்று நிறுத்தி, பிறகு என் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாப்பிள்ளை படித்துவிட்டுச் சிரித்தார். “மாமா, இந்த மாதிரி பிரெஞ்சு இப்ப இங்க யாருமே எழுதறதில்ல” என்றார். புது மூடிக்கு அன்றே ஆர்டர் கொடுத்தார். பாதித் தொகையை நான் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றார், வாங்கவைத்தேன்.

பழைய மூடியைக் கழிவுக் கிடங்குக்குக் கொண்டுபோகும் முன் உறையைக் கழற்றிப் பலகையைக் கத்தியால் அறுத்தோம். தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பேத்தி கால்வைத்து விளையாடினாள்.

புது மூடியும் புதுக் கைகளும் வந்தபோது எங்களுக்கு இன்னும் 31 நாள் மீதமிருந்தது. என் மனைவி முன்பாதியை மடித்தாள், தள்ளினாள், பின்னால் போய் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீரில் இறங்கினாள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டில் இப்படித் தொட்டி இருக்கிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. தார்ப்பாய் வேண்டாம். வாரம் ஒருமுறை மூடியைச் சற்று நேரம் திறந்துவைத்து ஆவி போகவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை குளியலறைத் தராசில் நிறுத்து, தேதி போட்டுக் குறித்துவையுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற கனத்தைக் கை கண்டுபிடிக்காது. தராசு கண்டுபிடிக்கும். முக்கியமாக, வீட்டில் யாராவது “இன்னைக்கு வேணாம்” என்று இரண்டு நாள் தொடர்ந்து சொன்னால், போய் மூடியைத் தூக்கிப் பாருங்கள்.

மகளிடம் ஒரு நோட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தத் தை மாதம் போனில் படித்துக் காட்டினாள். முன்பாதி 12, பின்பாதி 12. அங்கே இரண்டு நாளாகப் பனி பெய்கிறதாம். மூடிமேல் ஒரு சாண் உயரத்துக்கு உருகாமல் கிடக்கிறதாம்.